சோற்றுக்கையில் இருந்த கொடி

அந்த வருடத்தின் கடைசிக் கால்பந்து ஆட்டத்தன்று, மாலை நாலு மணிக்குத் திடலில் இருந்தவர்கள் இவர்கள்.

நடுவர். மலாய்க்காரர், சிகாமட்டில் பேங்கில் வேலை. எதிர்க்கரையில் கொடி பிடிக்கிற லைன்ஸ்மேன் வோங், கூலாயில் டயர் கடை வைத்திருக்கிறார். நாலாவது நடுவர், போலீஸ்காரர், அதிகம் பேசமாட்டார். இந்தக் கரைக்கு நான். திடலுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த வேனுக்குள் மூன்று பேர். ஒருவர் வீடியோ நடுவர், மூவாரில் பள்ளி ஆசிரியை, எங்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அவருக்குத் துணையாக ஒருவர். அப்புறம் திரையில் கோடு போடுகிற ஹாபிஸ்.

ஏழு பேர். அதில் ஐந்து பேருக்கு என் வலது கை மேல் நம்பிக்கை இல்லை. டீச்சர் மனதில் என்ன இருந்தது என்று தெரியாது. எனக்கும் நம்பிக்கை இல்லை.

நீங்கள் புதிதாகக் கொடி வாங்கியிருக்கிறீர்கள். புது லைன்ஸ்மேன்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி நடுவர் சங்கத்தில் கேட்டார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். நடுவர் தேர்வை மலாயில் மூன்று தடவை எழுதித்தான் தேறினேன். நீளமாக எழுத வராது. எப்படி ஓடுவது, எங்கே நிற்பது எல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் என் கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தேன். வார நாளில் பாய்லர், வாரக் கடைசியில் கொடி. இருபத்திரண்டு வருடம். இரண்டுக்கும் ஒரே கை. பாய்லரில் முள் சிவப்புக்குப் போனால் வால்வைத் திறக்க வேண்டும், யோசிக்கக் கூடாது. கொடியும் எனக்கு அப்படித்தான். பார்த்தால் தூக்கு. சந்தேகம் எல்லாம் வீட்டுக்குப் போய்.

அதற்காகவே கொடியை எப்போதும் வலது கையில் வைத்திருப்பேன். மற்றவர்கள் அப்படி இல்லை. கோலைப் பார்த்து ஓடும்போது கொடி இடது கையில், திடல் பக்கமாக இருக்கும். ஆப்சைட் என்றால், அதாவது பந்து உதைபடும் நொடியில் ஆள் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றால், இடுப்புக்குக் கீழே கை மாற்றி, வலது கையால் தூக்குவார்கள். அதில் அரை விநாடி போகும். எனக்கு அந்த அரை விநாடி பிடிக்காது. அதிகாரிகள் சொன்னால் தலையாட்டுவேன். ஆட்டம் தொடங்கினதும் வலது கைக்கே மாற்றிவிடுவேன். ஜொகூரிலேயே வேகமான கொடி என்று பேர். அந்தப் பேரில் எனக்குப் பெருமை இருந்தது. மறைக்கவில்லை.

பிறகு வீடியோ வந்தது.

எங்களுக்குச் சொன்னது இதுதான். கோலுக்குப் போகிற ஆட்டத்தில் சந்தேகமான ஆப்சைட் என்றால் கொடியைத் தூக்காதே. ஹெட்செட்டில் 'டிலே' என்று சொல். ஆட்டம் ஓடட்டும். கோல் விழுந்த பிறகோ, பந்து எதிரணிக்குப் போன பிறகோ தூக்கு. நீ தப்பாக இருந்தால் வேனில் இருப்பவர்கள் திருத்துவார்கள்.

காரணமும் சொன்னார்கள். கொடி ஏறினால் நடுவர் விசில் ஊதுவார். விசில் கேட்டால் தடுப்பாளர் நிற்பார், கீப்பர் நிற்பார். அதற்குப் பிறகு பந்து வலைக்குள் போனாலும் அது கோல் இல்லை. எத்தனை கேமரா வைத்திருந்தாலும் விசிலுக்குப் பிறகு நடந்ததைக் கோலாக்க முடியாது.

காதில் ஏறியது. கையில் ஏறவில்லை.

அந்தக் கடைசி ஆட்டத்துக்குச் சில வாரம் முன்னால் இன்னொரு ஆட்டம். ஆரஞ்சு அணி என்று வைத்துக்கொள்ளுங்கள், பேர் வேண்டாம். சிறு பட்டணத்து அணி. பட்டியலில் அடியில் கிடந்தார்கள். கடைசியாக வந்தால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் பாதிப் பேருக்கு அடுத்த வருடம் ஒப்பந்தம் இருக்காது. திடலில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். கொடிக்கு மட்டும் தெரியக் கூடாது.

கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் நடுத் திடலிலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. ஆரஞ்சு அணியின் ஏழாம் எண் ஓடினார். தமிழர், எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், பேசிப் பழக்கம் இல்லை. என் கண்ணுக்கு அவர் கடைசித் தடுப்பாளரைத் தாண்டியிருந்தார். கை மேலே போய்விட்டது. விசில். அவர் ஓடின வேகத்தில் உதைத்தார். வலை. கீப்பர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

வேனில் படத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் டீச்சர் குரல் வந்தது. ஆன்சைட், ஆள் உள்ளேதான் இருந்தார், ஆனால் விசில் போய்விட்டது, செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று நடுவரிடம் மலாயில் சொன்னார்.

என் முதுகுக்குப் பின்னால் இருந்த ரசிகர்களுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. கையில் போன் இருக்கிறதே.

"ஓய் மாமா! அந்தக் கொடிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மேசை தொடைங்க!"

"அலமாக், வீடியோவே இருக்கு, இவருக்கு என்ன அவசரம் லா? ரயிலுக்கு நேரமாச்சா?"

ஏழாம் எண் என் பக்கம் வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அண்ணே, வீடியோ இருக்குல்ல. கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?"

ஆட்டம் கோல் இல்லாமல் சமமாக முடிந்தது. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமத்துக்கு ஒன்று. என் கை அவர்களிடமிருந்து எடுத்தது இரண்டு புள்ளி.

அதற்குப் பிறகு என்னைப் பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு அனுப்பினார்கள். சரி என்று போனேன். இரண்டாவது வாரம் டீச்சர் போன் செய்தார். ஜொகூர் பாருவில் வேனை வைத்துப் பயிற்சி நடக்கிறது, சனிக்கிழமை காலையில் வாங்க என்றார். போக மனசில்லை. போனேன்.

"வாங்கண்ணே. சப்பாத்த கழட்ட வேணாம், இது கோயில் இல்ல."

நான் ஏற்கெனவே கழற்றி வெளியே வைத்துவிட்டிருந்தேன். அப்படித்தான் தோன்றியது. உள்ளே இருட்டு. குளிர். சுவர் முழுக்கத் திரை. ஒரே திடல் எட்டு இடத்திலிருந்து தெரிந்தது. ஹாபிஸ் ஒரு வட்டக் குமிழைத் திருகினார். வானத்தில் இருந்த பந்து கீழே இறங்கி, உதைத்தவன் காலுக்கே திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டது. சப்பாத்து பெயர்த்த புல் காற்றில் நின்றது.

அவர் கோடு போட்டார். தடுப்பாளர் முழங்காலிலிருந்து ஒன்று. ஏழாம் எண்ணின் தோளிலிருந்து நேராகத் தரைக்கு இறங்கி, திடலின் அகலத்துக்கு இன்னொன்று. நடுவே பச்சை தெரிந்தது. ஏழாம் எண் ஓர் அடி உள்ளேதான் இருந்தார்.

"இப்ப உங்களப் பாருங்கண்ணே" என்றார் டீச்சர்.

திரையின் ஓரத்தில் நான். வலது கையில் கொடி. ஹாபிஸ் படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தினார். பந்து காலை விட்டது. நான் அசையவில்லை. இன்னொரு படம். இன்னொன்று. ஏழாம் எண் தடுப்பாளரைத் தாண்டிவிட்டார். அப்போதுதான் என் தோள் நிமிர்ந்தது.

"பந்த உதைக்கிறத நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"கேட்டேன் டீச்சர். கோட்டப் பாக்குறப்ப உதைக்கிற கால எப்படிப் பாக்குறது? அங்க ஒன்னு, இங்க ஒன்னு. சத்தத்த வெச்சுத்தான்."

உங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தருவார்கள். கண் கோட்டில், காது பந்தில். வேறு வழியில்லை.

"அவன் நாப்பது மீட்டர் தள்ளி நின்னு உதைக்கிறான். மின்னல் மொதல்ல தெரியுது, இடி அப்புறம் கேக்குது இல்லையா? அதேதாண்ணே. சத்தம் நடந்து வருது. உங்க காதுக்கு வந்து சேர்றதுக்குள்ள இவன் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஓடிட்டான்."

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடம். பந்து உதைபட்ட சத்தம் கேட்ட நொடிதான் உதைபட்ட நொடி என்று நம்பி நின்றவன். சத்தத்துக்கும் தூரம் உண்டு என்று அந்த வயதில், அந்தக் குளிரில், காலில் சப்பாத்து இல்லாமல் தெரிந்துகொண்டேன்.

"அப்ப எத்தன கொடி..."

"எண்ண வேணாம்ணே."

பிறகு அவர் இன்னொன்றும் காட்டினார். ஒரு படத்தில் பந்து காலில் ஒட்டியிருந்தது. அடுத்த படத்தில் காலை விட்டு ஒரு சாண் போயிருந்தது. நடுவில் படம் இல்லை.

"இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு இந்த மெஷினுக்கும் தெரியாதுண்ணே. ரெண்டுல ஒன்ன நாங்க எடுத்துக்கிறோம்."

அதைக் கேட்டதும் எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் மரியாதை குறையவில்லை. கூடியது. தனக்குத் தெரியாத இடம் எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் இருந்தது.

கிளம்பும்போது டீச்சர் கேட்டார்.

"ஒன்னு கேக்கணும். கொடிய ஏன் எப்பவும் சோத்துக்கையிலயே வெச்சிருக்கீங்க?"

"வேகத்துக்கு."

"வேகம் இப்ப யாருக்குண்ணே வேணும்?"

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். கயிறு கட்ட நேரம் எடுத்துக்கொண்டேன்.

"நொட்டாங்கையில வைங்க. கை மாத்துறதுக்குள்ள வாய் டிலேன்னு சொல்லிடும். வாய் சொல்லிட்டா கை நின்னுடும்."

என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் சொன்னதைச் செய்தேன். கொடியை வீட்டிலும் இடது கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மோட்டாரில் போகும்போது முன்னால் காடி, லாரி குறுக்கே வந்தால் 'டிலே' என்றேன். ஆலையில் சொன்னேன். பாய்லரில் மட்டும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரிக்குக் கோபம்.

"கறி வாங்கிட்டு வாங்கன்னா டிலேங்கிறீங்க. தேத்தண்ணி ஆறுதுன்னா டிலேங்கிறீங்க. இது வீடா, ஸ்டேடியமா? நான் ஒரு நாளைக்கு சோறு டிலேன்னு சொன்னா தெரியும்."

கடைசி ஆட்டத்துக்கு வருவோம். ஆரஞ்சு அணிக்கு அது அவர்கள் சொந்தத் திடல். ஜெயித்தால் தப்பிக்கலாம். சமம் என்றாலும் தோல்வி என்றாலும் இறங்க வேண்டியதுதான். அதில் ஒரு கரைக்குப் போட்டிருந்தவர் உலு திராம்காரர். முந்தின நாள் டெங்கி என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. போன் எனக்கு வந்தது.

உடை மாற்றும் அறையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வோங் தன் கொடியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினார். நடுவர் கிளம்பும்போது என் தோளில் தட்டினார்.

"பாங், இன்னிக்கி பிளான் பிளான், ஆ?"

அண்ணே, மெதுவாக, மெதுவாக என்கிறார். அவருக்குத் தெரிந்த தமிழில் 'இன்னிக்கி' ஒன்று. சரி என்றேன்.

முதல் பாதியில் வானம் கறுத்தது. தூரத்தில் செம்பனைத் தோட்டத்துக்கு மேலே மின்னல் வெட்டியது. நான் எண்ணிப் பார்த்தேன், இடி வர வெகு நேரம் ஆனது. டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. அதே சமயம் ஹெட்செட்டில் நடுவர் குரல். வேனுக்கு இணைப்பு போய்விட்டது, வீடியோ இல்லை, பழைய மாதிரி ஊதப்போகிறேன் என்றார்.

வீடியோ இல்லை என்றால் டிலே இல்லை. பார்த்தால் தூக்க வேண்டும். கொடியைச் சோற்றுக்கைக்கு மாற்றினேன். பதினொரு நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை, ஒரு பந்து கூட என் பக்கம் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் தனியாக நின்று பழகியவன். எனக்கு உள்ளங்கை வேர்த்தது அந்தப் பதினொரு நிமிடத்தில்தான். காதில் கேட்ட ஒவ்வொரு உதையும் எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இணைப்பு திரும்பி வந்ததும், யாருக்கும் தெரியாமல் மூச்சு விட்டேன். கொடி இடது கைக்குப் போனது.

எண்பத்தாறாவது நிமிடம். இன்னும் கோல் இல்லை. மழை பிடித்திருந்தது. அதே மாதிரி நடுத் திடலிலிருந்து நீளமான பந்து. அதே ஏழாம் எண். சத்தம் காதில் விழுந்தபோது அவர் தடுப்பாளரை மூன்று அடி தாண்டியிருந்தார். என் கண்ணுக்கு.

"டிலே" என்றேன்.

என் வலது தோள் அசைந்தது. அதை நான் உணர்ந்தேன். மேலே போகப் பார்த்தது. கையில் ஒன்றும் இல்லை. கொடி இடது கையில், தொடையோடு ஒட்டி, மழையில் கனமாக இருந்தது. ஓடினேன். "டிலே, டிலே."

ஏழாம் எண் உதைத்தார். கீப்பர் பாய்ந்து தட்டினார், தோள் கம்பத்தில் மோதியது. அந்த வலிக்கு நான்தான் காரணம், கொடியைத் தூக்கியிருந்தால் அவர் பாய்ந்திருக்க வேண்டியதில்லை. பொறுத்திருப்பதற்கும் யாரோ ஒருவர் உடம்பில் வாங்கிக்கொள்கிறார், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஏழாம் எண் மறுபடி உதைத்தார். வலை.

திடல் அதிர்ந்தது. ஆரஞ்சு ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் மழையில் ஓடி வந்தார்கள். அப்போது நான் கை மாற்றி, கொடியைத் தூக்கினேன். விசில்.

சத்தம் ஒரே வெட்டாக நின்றது. பிறகு என் மேல் விழுந்தது. என்ன சொன்னார்கள் என்று எழுத முடியாது. ஒன்று மட்டும் எழுதலாம்.

"மறுபடியும் நீயா மாமா?"

ஏழாம் எண் வலைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். என்னைத்தான் பார்த்தார். நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டார். வேனில் பார்க்கிறார்கள்.

நான் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன். லைன்ஸ்மேன் நினைக்கக் கூடாதது. நினைத்தேன். சத்தம் நடந்து வந்திருக்கும், அவர் உள்ளேதான் இருந்திருப்பார், டீச்சர் ஆன்சைட் என்று சொல்லுவார், கொடி போனால் போகட்டும் என்று நின்றேன். ஹெட்செட்டில் டீச்சரும் ஹாபிஸும் பேசுவது கேட்டது. முந்தின படம். இல்லை, அதற்கு அடுத்தது. காலில் ஒட்டியிருக்கா? முழங்கால் வேண்டாம், பாதம் பார். இன்னும் கிட்டே. டீச்சர் குரலில் அவசரம் இல்லை. வேண்டியவர் வேண்டாதவர் என்று எதுவும் இல்லை. அந்த வேன் இருட்டுக்குள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒரு ஊரே இறங்குவதா இல்லையா என்று பார்க்கிறார். நான் மழையில் நின்றேன். இவ்வளவு கவனமாக யாராவது எதையாவது பார்த்து நான் கேட்டதில்லை.

பெரிய திரையில் போட்டார்கள். புல்லின் நுனி தெரிந்தது. மழைத்துளிகள் நடுவானில் நின்றன. இரண்டு கோடு. முதலில் ஒரே கோடு மாதிரி இருந்தது. அப்புறம் பிரிந்தது. ஏழாம் எண்ணின் சப்பாத்து முனை கோட்டுக்கு வெளியே நின்றது. என் கண்ணுக்கு மூன்று அடி. அங்கே ஒரு கட்டைவிரல்.

திரையின் ஓரத்தில் ஓர் ஆள் நின்றார். இடது கையில் கொடி, தொங்கிக்கொண்டு. வலது கை வெறுமையாக. யாரோ என்று பார்த்தேன். நான்தான்.

"ஆப்சைட். முடிவு நிலைக்கும்" என்று டீச்சர் மலாயில் நடுவருக்குச் சொன்னார். பிறகு எனக்கு மட்டும் புரிகிற மாதிரி தமிழில் சொன்னார்.

"கை நின்னுச்சுண்ணே."

பேச்செல்லாம் பதிவாகும், பிறகு அதிகாரிகள் கேட்பார்கள். அவருக்கும் தெரியும். சொன்னார்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. மழை விடவில்லை. ஆரஞ்சு ஆட்கள் சிலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கொடியைச் சுற்றாமல் நின்றேன். ஏழாம் எண் சேறு அப்பிய காலோடு என்னைப் பார்த்து நடந்து வந்தார். போலீஸ்கார நடுவர் ஓர் அடி முன்னால் வந்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"எவ்ளோண்ணே?"

"கட்டவெரல்."

அவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். ஈரத்தில் முனை வாய் பிளந்திருந்தது.

"அளவு பெருசா வாங்கிட்டேன். தம்பி அப்பவே சொன்னான்."

சிரித்தார். சிரித்து முடிக்கவில்லை. முகத்தை ஜெர்சியில் துடைத்தார்.

"அன்னிக்கி சொல்லிட்டு அப்புறம் பாத்தாங்க. இன்னிக்கி பாத்துட்டுச் சொன்னாங்க. சரிண்ணே. இது சரி."

கையை நீட்டினார். என் சோற்றுக்கை காலியாக இருந்தது. கொடுத்தேன்.

அந்த வருடத்தோடு நான் நிறுத்திக்கொண்டேன். இப்போது யாராவது புது ஆள் கரையோரம் ஓடுவதைப் பார்த்தால் அவர் காலைப் பார்க்கமாட்டேன். கொடி எந்தக் கையில் என்று பார்ப்பேன். வேனில் இருப்பது எதை வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கும். பந்தைக் காலுக்குத் திரும்பக் கொண்டுபோகும். மழையை நிறுத்தும். நீங்கள் தூக்கின கையை மட்டும் அதால் கீழே இறக்க முடியாது. அது உங்களிடம்தான் இருக்கிறது.

அன்று உடை மாற்றும் அறையில் வோங் போனில் கடைசிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே என்னிடம் நீட்டினார். ஆரஞ்சு அணி கடைசியில் இருந்தது. அதற்கு மேலே இருந்த அணி, தப்பித்த அணி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு என்று பார்த்தேன்.

ஒரு புள்ளி.